பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபியின் டேப்பெட் சீக்கிரமே தேய்வது ஏன்?

டேப்பெட் என்பது கேம்ஷாஃப்ட் (சுருக்கமாக கேம்; வால்வுகளை இயக்கும் மேடுகள் கொண்ட சுழலும் தண்டு) மேட்டின் மீது அமர்ந்து, புஷ்ராட் என்னும் கம்பியைத் தள்ளி வால்வைத் திறக்கும் சிறு உருளை. அது வேலை செய்யும்போது தானும் மெல்லச் சுழல வேண்டும். சுழலாவிட்டால், ஒரே இடத்தில் அரைத்த அம்மிபோல அடியில் குழி விழும். துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம் குறைந்த இக்கால ஆயில், புது கேம் போட்டதும் வெறும் ஐட்லிங்கில் ஓடவிடுவது, இரண்டும் இதற்கு வழக்கமான காரணங்கள்.

தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க, எல்லா வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கர் கைக்கும் நடுவே ஒரே இடைவெளி (பெரும்பாலான எம்ஜிபிகளில் 0.015 அங்குலம்) வைத்துவிட்டு, வால்வு ஸ்பிரிங் தொப்பியில் டயல் கேஜை (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவுகோலை) நிறுத்தி எஞ்சினைக் கையால் சுற்றுங்கள். இன்லெட்டை இன்லெட்டோடு, எக்ஸாஸ்டை எக்ஸாஸ்டோடு ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் குறைவாக எழுந்தால் அந்த மேடு கரைந்துவிட்டது. கேமோடு எட்டு டேப்பெட்டையும் மாற்றியாக வேண்டும். பழையதைப் புதுக் கேமில் போட்டால் அதையும் தின்றுவிடும்.

இடைவெளியை இறுக்கினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சத்தம்தான் அடங்கும், தேய்மானம் தொடரும்.