ஆட்டோமேட்டிக் காரில் பேடில் மாட்டினேன், கியர்பாக்ஸ் போச்சு: வழக்கு நிற்குமா?

கேள்வி: என் கார் 6 ஸ்பீடு ஆட்டோமேட்டிக். 4 வருட வண்டி, நீட்டித்த வாரன்டி இருந்தது. வால்பாறை மலையில் இறங்கும்போது கியரை நானே குறைக்க வேண்டும் என்பதற்காக ஓர் ஒர்க்‌ஷாப்பில் ஸ்டியரிங்கில் பேடில் (விரலால் கியர் மாற்றும் சிறு நெம்புகோல்) பொருத்தி, கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரையும் மாற்றினேன். செலவு 65,000 ரூபாய். "வாரன்டிக்கு ஒன்றும் ஆகாது" என்று வாட்ஸப்பில் எழுதினார்கள். மூன்றாம் மாதம் கியர் ஸ்லிப் ஆக ஆரம்பித்தது. மூன்று வாரம் அப்படியே ஓட்டினேன். ஒருநாள் ஏற்றத்தில், குழந்தைகளோடு, நடுவழியில் நின்றுவிட்டோம். கம்பெனி சர்வீஸ் சென்டர் வாரன்டி கிடையாது என்று சொல்லி 3.2 லட்சம் கேட்கிறது. ஒர்க்‌ஷாப்காரர் மரியாதை இல்லாமல் பேசுகிறார், 60,000 தருவதாகச் சொல்கிறார். கார் இப்போது வேறொரு மெக்கானிக்கிடம் இருக்கிறது. அடுத்த வாரம் கியர்பாக்ஸைப் பிரிக்கப் போகிறார். இருவர் மீதும் வழக்கு, போலீஸில் மோசடிப் புகார், மன உளைச்சலுக்கு 10 லட்சம் கேட்கலாமா?

பதில்: முதலில் அந்த மெக்கானிக்குக்கு போன் செய்து, கியர்பாக்ஸில் கை வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

கார் கம்பெனியை விட்டுவிடுங்கள். கியர்பாக்ஸின் சாஃப்ட்வேரை வெளியில் மாற்றியது நீங்கள். போலீஸுக்கும் போக வேண்டாம், சிவில் விவகாரம் என்று திருப்பி அனுப்புவார்கள். ஒர்க்‌ஷாப்காரர் எப்படிப் பேசினார் என்பதும் வழக்குக்கு உதவாது. மலையில் குழந்தைகளோடு நின்றது எவ்வளவு பயமாக இருந்திருக்கும் என்று புரிகிறது. ஆனால் நீங்கள் புகார் கொடுக்க வேண்டிய நுகர்வோர் ஆணையம் அதற்கு 10 லட்சம் தராது.

கேள்வி ஒன்றுதான்: ஒர்க்‌ஷாப் செய்த வேலையால்தான் கியர்பாக்ஸ் போனதா? அதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்.

ஆட்டோமேட்டிக்கில் ஆயில் அழுத்தம்தான் கிளட்ச் பிளேட்டுகளைப் பிடிக்க வைக்கிறது. எப்போது, எவ்வளவு அழுத்தம் என்பதைக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. அந்தக் கணக்கைத் தப்பாக மாற்றினால் பிளேட் வழுக்கிக் கருகும். சரி, ஆனால் ஆயில் குறைந்தாலும், பழசானாலும், ஸ்லிப் ஆகும் வண்டியைத் தொடர்ந்து ஓட்டினாலும் அதே பிளேட் அதே மாதிரிதான் கருகும். உங்கள் மூன்று வாரத்தை எதிர்த்தரப்பு வக்கீல் விடமாட்டார். அந்த நாட்களில் ஒர்க்‌ஷாப்பிடம் சொன்னீர்களா, "ஓட்டிப் பாருங்கள்" என்றார்களா? அப்படி ஒரு செய்தி போனில் இருந்தால், அது வாரன்டி பற்றிய செய்தியைவிட மதிப்புள்ளது.

இப்படி வரும் கட்சிக்காரர்கள் விழும் குழி ஒன்றே. ஒருவர் கருகிய கியர் ஆயிலை ஊறுகாய் பாட்டிலில் அடைத்து என் மேசையில் வைத்தார். கன்னங்கரேலென்று, மூடியைத் திறந்தால் தீய்ந்த வாடை. எதிர்த்தரப்பு கேட்டது ஒரே கேள்வி: இது எந்த வண்டியின் ஆயில்? பதில் இல்லை. அதற்குள் கியர்பாக்ஸைப் பிரித்து, பிளேட் மாற்றி, பழையதைக் காயலான் கடையில் போட்டிருந்தார்கள். பரிசோதிக்க எதுவும் மிஞ்சவில்லை. அவர் சொன்னது உண்மை என்றே இன்றும் நம்புகிறேன், ஆனாலும் புகார் தள்ளுபடி ஆனது.

உங்கள் வழக்கில் இன்னொரு சாட்சி அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சாஃப்ட்வேர். கம்பெனியின் பழைய சாஃப்ட்வேரை யாரையும் திரும்ப ஏற்ற விடாதீர்கள். ஏற்றினால் அந்தச் சாட்சி அழிந்துபோகும்.

வழக்கு என்றால், தேதி குறித்து ஒர்க்‌ஷாப்புக்கு நோட்டீஸ் அனுப்பி, இருதரப்பும் பார்க்கத்தான் பிரிக்க வேண்டும். அதைவிட நல்லது, புகாரோடு மனு போட்டு, ஆட்டோமொபைல் இன்ஜினியரோடு ஒரு வக்கீல் கமிஷனரை (ஆணையத்தின் சார்பில் நேரில் பார்த்து அறிக்கை தரும் வக்கீல்) நியமிக்கக் கேட்பது. வாட்ஸப் செய்திகள் இருக்கும் போனை மாற்றாதீர்கள். மின்னணு ஆதாரத்துக்கு பாரதிய சாட்சிய அதிநியம் (சாட்சியச் சட்டம்) பிரிவு 63 கேட்கும் சான்றிதழ் இல்லாமல் வெறும் ஸ்கிரீன்ஷாட் நிற்காது.

இன்னொன்று. வண்டியை மாற்றியதை நீங்களே பிரமாண வாக்குமூலத்தில் எழுதிக் கொடுக்கப் போகிறீர்கள். வண்டியில் மாற்றம் செய்வதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ஐ எதிர்த்தரப்பு எடுக்கும். அனுமதியில்லாத மாற்றத்துக்கு 2019 திருத்தத்தில் மாற்றி எழுதப்பட்ட பிரிவு 182ஏ உரிமையாளரைத்தான் பிடிக்கிறது: ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பேடிலும் சாஃப்ட்வேரும் அதில் வராது என்று வாதாடலாம், நானும் வாதாடுவேன். ஆனால் அந்த வாதத்தை நீங்களே போய் வாங்கிக்கொள்ள வேண்டுமா என்று யோசியுங்கள்.

பரிசோதனை தேவைப்படும் புகாரை 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் வருடங்கள் ஆகும், அதுவரை கார் ஷெட்டில் நிற்கும். அதனால் சமரசம் செய்யுங்கள். 60,000 போதாது. கட்டிய 65,000-ஐயும், ரீகண்டிஷன் கியர்பாக்ஸ் செலவில் பாதியையும் கேளுங்கள். அந்தத் தொகைக்குப் பக்கத்தில் அவர் வந்தாலே முடித்துவிடுங்கள். பிரிக்காத கியர்பாக்ஸ் உங்கள் கையில் இருக்கும்வரைதான் அவருக்குப் பயம்.

பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகு சமரசத்தில் கையெழுத்துப் போடுங்கள். பேச்சு நடக்கிறது என்பதற்காக, ஆணையத்தில் புகார் கொடுப்பதற்கான 2 வருடக் கெடு நிற்காது. அதை பில் தேதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள்.