கருப்பை வாய்ப் புற்றுநோய் வளர்வதில் நொதிகளுக்கு என்ன பங்கு? நொதி மாத்திரைகளால் அதைத் தடுக்க முடியுமா?

நோய்க்கூறியல் ஆய்வகத்தில் பணிபுரிபவள் என்பதால் கேள்வியின் முதல் பகுதிக்கே அதிக இடம் தருகிறேன்.

ஏறத்தாழ எல்லாக் கருப்பை வாய்ப் புற்றுநோய்களுக்கும் ஹெச்பிவி (மனித பாப்பிலோமா) வைரஸின் நீடித்த தொற்றே காரணம். அவற்றில் சுமார் 70 சதவீதம் அதன் 16, 18 ஆகிய வகைகளால் வருபவை. இந்த வைரஸிடம் தன் டிஎன்ஏவைப் படியெடுக்கும் பாலிமரேஸ் நொதிகூடக் கிடையாது. பெருகுவதற்கு அது பெரும்பாலும் நம் செல்லின் நொதிகளையே நம்பியிருக்கிறது. ஆகவே இந்நோயை வளர்ப்பவை வெளியிலிருந்து வந்த நொதிகள் அல்ல, தடம் மாற்றப்பட்ட நம்முடைய நொதிகளே என்பது என் கருத்து.

டிஎன்ஏ சேதமுற்ற செல்லைப் பிரியவிடாமல் நிறுத்துவது பி53 என்னும் புரதம். வைரஸின் இ6 புரதம் தானே நொதி இல்லாவிட்டாலும், செல்லிலுள்ள இ6ஏபி என்ற லைகேஸ் நொதியைப் பிடித்து பி53இன் மீது ஏவுகிறது. அந்நொதி பி53இல் யுபிகுவிட்டின் என்ற அடையாளத்தை ஒட்டியதும், செல்லின் புரதச் சிதைப்பு அமைப்பு அதைக் கழிவென்று கருதித் துண்டாக்கிவிடுகிறது. அதே இ6, குரோமோசோம் முனைகள் தேயாமல் காக்கும் டெலோமரேஸ் நொதியையும் தூண்டுவதால் செல்லுக்கு ஆயுள் வரம்பு இல்லாமல் போகிறது. 1951இல் பால்டிமோரில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கட்டியிலிருந்து, அவருடைய அனுமதியைக் கேளாமலே எடுக்கப்பட்ட ஹீலா செல்கள் இன்றும் ஆய்வகங்களில் பிரிந்துகொண்டிருக்கின்றன; அவற்றில் இருப்பது ஹெச்பிவியின் 18ஆம் வகை.

இ7 புரதமோ, செல் பிரிவைத் தடுக்கும் ஆர்பி என்னும் புரதத்தைச் செயலிழக்கச் செய்கிறது. வழக்கமாக ஆர்பியை அடக்கிச் செல் பிரிவைத் தொடங்கிவைக்கும் கைனேஸ் நொதிகளுக்கு பி16 என்ற புரதம் ஒரு கடிவாளம். ஆர்பியே வீழ்ந்த பின் பி16 எவ்வளவு உருவாகியும் பயனில்லை. அது செல்லில் வீணே குவிகிறது. திசுத் துண்டில் பி16க்குச் சாயமிட்டால் படலத்தின் கீழ் அடுக்கு முழுதும் அடர் பழுப்பாகத் தெரிவது இதனால்தான். அந்தப் பழுப்பு நிறத்தை உண்டாக்குவதும் பெரும்பாலும் ஒரு நொதியே: குதிரை முள்ளங்கியிலிருந்து எடுக்கப்படும் பெராக்ஸிடேஸ்.

இதுவரை சொன்னவை புற்றுக்கு முந்தைய நிலையிலும் நிகழ்பவை. மாறிய செல்கள் மேற்படலத்துக்குள்ளேயே நிற்கின்றனவா, அடித்தளச் சவ்வைக் கடந்து கீழேயுள்ள இணைப்புத் திசுவுக்குள் நாக்குப்போல நீண்டுவிட்டனவா என்பதையே நாங்கள் நுண்ணோக்கியில் முதலில் தேடுகிறோம். அந்தச் சவ்வின் நான்காம் வகைக் கொலாஜன் என்ற கட்டமைப்புப் புரதத்தை அறுப்பவை எம்எம்பி-2, எம்எம்பி-9 ஆகிய நொதிகள்; அவற்றில் கணிசமான பங்கைச் சுரப்பவை கட்டியைச் சூழ்ந்த சாதாரணச் செல்களே.

அப்படியானால் நொதிகளைத் தடுத்தால் போதாதா? எம்எம்பி தடுப்பான்கள் பல்வேறு புற்றுநோய்களில் சோதிக்கப்பட்டு ஏமாற்றமளித்தன. அவற்றில் ஒன்றான மாரிமாஸ்டாட் மூட்டுவலியைத்தான் தந்தது. காயம் ஆறுவது போன்ற வேலைகளுக்கு உடலுக்கே அந்நொதிகள் தேவை என்பதை மறக்கக் கூடாது. மாறாக, டிஎன்ஏவின் முறுக்கைத் தளர்த்தும் டோப்போஐசோமரேஸ் நொதியை முடக்கும் டோப்போடீக்கான் என்ற மருந்து இந்நோயின் முற்றிய நிலையில் இன்றும் பயன்படுகிறது.

கடைகளில் விற்கும் நொதி மாத்திரைகள் கட்டியைக் கரைக்கும் என்பதற்குச் சான்றில்லை. விழுங்கிய புரதத்தின் பெரும்பகுதி குடலிலேயே செரித்துவிடும். சிகிச்சையில் இருப்பவர் அவற்றை எடுத்துக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். அன்னாசியிலிருந்து எடுக்கப்படும் புரோமெலைன் போன்றவை இரத்தக்கசிவை அதிகரிக்கக்கூடும்.