வாங்கின கடனை எப்ப டீச்சர் திருப்பிக் கொடுக்கணும்?

தொடக்கப் பள்ளிக் கணக்கு, அறிவியல் பற்றிக் கேள்வி இருந்தால் எழுதுங்கள் என்று போன இதழில் சொன்னேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: 'நாங்க படிச்ச மாதிரி இல்லையே'. எல்லாவற்றுக்கும் இடமில்லை, கையில் முதலில் சிக்கியவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

மகள் மூன்றாம் வகுப்பு. 52-இல் 27-ஐக் கழிக்க, 'பக்கத்தில் கடன் வாங்கு' என்று சொல்லிக்கொடுத்தேன். 'டீச்சர் அப்படிச் சொல்லல, பத்தைப் பிரிக்கணும்'னு ஒரே அழுகை. புத்தகத்தில் 'இனமாற்றம்' என்று போட்டிருக்கிறது. எது சரி? (வாசகி, வலங்கைமான்)

ரெண்டும் ஒரே கணக்குதான் தங்கச்சி, எப்படிப் போட்டாலும் 25 தான். ஆனால் நான் உங்கள் மகள் பக்கம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் 'கடன் வாங்கு, கடன் வாங்கு' என்றுதான் கரும்பலகையில் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஒரு பையன் எழுந்து, 'வாங்கின கடனை எப்ப டீச்சர் திருப்பிக் கொடுக்கணும்?' என்றான். வகுப்பே சிரித்தது, எனக்கோ வாயில் பதில் இல்லை. ஏனென்றால் அது கடனே இல்லை, சில்லறை மாற்றுவது. 52 என்றால் அஞ்சு பத்து ரூபாய் நோட்டு, ரெண்டு ஒரு ரூபாய் நாணயம். ஏழு ரூபாய் எடுத்துக் கொடுக்க நாணயம் போதவில்லை, ஒரு நோட்டை மாற்றுகிறோம், இப்போது நாலு நோட்டு, பன்னிரண்டு நாணயம். மொத்தம் அப்போதும் 52 தான், ஒரு பைசா கூடவும் இல்லை குறையவும் இல்லை. இது பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சி உருவிப் பத்துப் பத்தாக, நாற்று முடி கட்டுவதுபோல், ரப்பர் பேண்டு போட்டுக் கொடுங்கள். ஒரு முடியைப் பிரித்தால் பத்துக் குச்சி என்பதைக் கை பார்த்துக்கொள்ளும். ஒரு வாரம் குச்சி, அப்புறம் படம் வரைந்து, அப்புறம்தான் எண். நாம் படித்தபோது இதை நேர்த் தலைகீழாகச் செய்தார்கள், அதனால்தான் 402-இல் 178 போ என்றால் இன்றைக்கும் பாதிப் பேருக்கு நடுவில் இருக்கும் பூஜ்யத்தைப் பார்த்ததும் கை நின்றுவிடுகிறது. பக்கத்து வீட்டில் ஒன்றும் இல்லை, யாரிடம் கடன் கேட்பது! மாற்றுவது என்று நினைத்தால் சிக்கல் இல்லை: ஒரு நூறு ரூபாயை மாற்றினால் பத்து பத்துரூபாய், அதில் ஒன்றை மாற்றினால் பத்து நாணயம். மூணு நூறு, ஒன்பது பத்து, பன்னிரண்டு ஒன்று. கழித்தால் 224. 'இனமாற்றம்' என்ற சொல் எட்டு வயசுக்குக் கொஞ்சம் கனம்தான், எனக்கும் அது பிடிக்காது. வீட்டில் 'மாற்றுவது' என்றே சொல்லுங்கள்.

என் பையன் மூன்றாம் வகுப்பில் இருக்கிறான், ஆனால் 'அரும்பு' குழுவில் உட்கார வைத்திருக்கிறார்கள். மக்கு என்று முத்திரை குத்துகிறார்களா? (வாசகி, திருவாரூர்)

இல்லவே இல்லை. கொரோனாவில் பள்ளிக்கூடம் நீண்ட நாள் மூடிக்கிடந்த பிறகு 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் அது. எந்த வகுப்பு என்று பார்க்காமல், பிள்ளைக்கு இப்போது எது தெரியும் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று படியில் பயிற்சி கொடுக்கிறார்கள். அரும்பில் இருப்பவன் நன்றாகச் செய்தால் மொட்டுக்குப் போவான். அவன் எந்தக் குழு என்று சொந்தக்காரர்களிடம் சொல்லாமல் இருந்தாலே அவனுக்குப் பாதி பாரம் குறையும்.

பேரன் ஐந்தாம் வகுப்பு. பின்னம் போடுகிறான், ஆனால் மாகாணி என்றால் முழிக்கிறான், மா, வேலி எதுவும் தெரியவில்லை. நான் சொல்லிக்கொடுத்தால் குழம்பிவிடுவான் என்கிறாள் மருமகள். (வாசகர், திருத்துறைப்பூண்டி)

தாராளமாகச் சொல்லிக்கொடுங்கள் ஐயா. பள்ளிக்கூடத்தில் மீட்டர், லிட்டர்தான், பரீட்சையில் அதைத்தான் எழுத வேண்டும், அதை மட்டும் பேரனிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மற்றபடி உங்களிடம் இருப்பது பின்னத்துக்கு அருமையான பாடம்.

எப்படி என்றால், நம் பழைய பின்னங்களில் பெயருக்குள்ளேயே கணக்கு இருக்கிறது. அரைக்கால் என்றால் காலில் பாதி, 1/8. அது பெருக்கல். மாகாணி என்றால் மாவும் காணியும். அது கூட்டல். மா என்பது இருபதில் ஒன்று, காணி என்பது எண்பதில் ஒன்று. 1/20 என்பதை 4/80 என்று மாற்றிக்கொண்டு 1/80-ஐக் கூட்டினால் 5/80, சுருக்கினால் 1/16. பகுதி வேறாக இருக்கும் பின்னங்களைக் கூட்டுவது எப்படி என்பதற்கு இதைவிட ருசியான உதாரணம் எனக்குத் தெரியாது. பேரனையே செய்யச் சொல்லி, விடை வந்த பிறகு 'இதுதான்டா மாகாணி' என்று சொல்லுங்கள், முகத்தைப் பாருங்கள்.

அடுத்து வயல். ஒரு வேலிக்கு இருபது மா. அதாவது மா என்பது வேலியில் இருபதில் ஒன்று, பின்னத்தின் பெயரே வரப்புக்கு நடுவில் கிடக்கிறது. (நிலத்தில் காணி என்பது வேறு அளவு, அதை இப்போது இழுக்க வேண்டாம்.) நூறு குழி ஒரு மா, ஒரு குழி 12 அடிக்கு 12 அடி, 144 சதுர அடி. பழைய காலத்தில் ஊருக்கு ஊர் கோல் மாறும், இப்போது நம் பக்கம் இதுதான் வழக்கம். பேரன் பெருக்கட்டும்: 144-ஐ நூறால் பெருக்க 14,400. மூணு மா ஒரு ஏக்கர் என்கிறோமே, அது சரியா? 43,200. ஏக்கருக்கு 43,560 சதுர அடி, 360 குறைகிறது. இந்த 360 எங்கே போச்சு என்று அவன் கேட்டால், பரப்பளவு என்ற பாடம் அவனுக்குப் பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். வரப்பில் நின்றபடி ஒரு குழியைக் கயிறு கட்டிக் காட்டிவிட்டால் இன்னும் நல்லது, நடவு வயலாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வகுப்பு மகனுக்கு அறிவியல் புத்தகமே வரவில்லை. பள்ளிக்கூடத்தில் கேட்க வேண்டுமா? (வாசகர், பாபநாசம்)

வேண்டாம். ஒன்று, இரண்டில் 'சூழ்நிலையியல்' என்ற பெயரில் வரும், பையில் பாருங்கள். அறிவியல் தனியாக மூன்றாம் வகுப்பிலிருந்துதான்.

வாய்ப்பாடு மனப்பாடம் செய்யச் சொல்வதே இல்லை. தேவையில்லையா? (வாசகி, கும்பகோணம்)

யார் சொன்னது? தேவைதான். ஆனால் எட்டேழு அம்பத்தாறு என்று பாடுவதற்கு முன்னால் அது என்ன என்று பார்த்திருக்க வேண்டும். வாசலில் எட்டுப் புள்ளி ஏழு வரிசை நேர்ப்புள்ளி வைக்கச் சொல்லி எண்ண வையுங்கள், அப்புறம் பாடட்டும். கொஞ்சம் கெட்டிக்காரப் பிள்ளை என்றால் ஊடுபுள்ளி: நடுவில் ஏழு, இருபுறமும் நாலில் நிறுத்தினால் மொத்தம் எத்தனை? 4, 5, 6, 7, 6, 5, 4. ஒவ்வொன்றாக எண்ணாமல் 37 என்று சொல்ல ஒரு குறுக்குவழி இருக்கிறது, அவளே கண்டுபிடிக்கட்டும்.

முட்டை மிதக்குதா பார்க்கணும்னு பேத்தி ஒரு டம்ளர் நிறைய உப்பைக் கரைச்சுக் கொட்டுறா. சாப்பிடற பண்டத்தை வச்சு என்ன விளையாட்டு? (ஒரு பாட்டி, மன்னார்குடி)

பாட்டி, முட்டை ஒன்றும் வீணாகவில்லை, கழுவி வேக வைத்துக் கொடுத்துவிடுங்கள். வெறும் தண்ணீரில் நல்ல முட்டை அடியில் போய் உட்காரும். நாலைந்து ஸ்பூன் உப்புக் கரைத்தால் மேலே வரும், ஏனென்றால் அதே அளவுத் தண்ணீர் உப்பால் கனம் கூடிவிட்டது. இதைப் படிப்பாளிகள்தான் செய்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். விதைநெல் தேர்ந்தெடுக்க வேளாண்மைத் துறையினர் சொல்லும் வழியும் இதுவேதான். முட்டை மிதக்கும் வரை உப்புப் போட்டு, அதில் நெல்லைக் கொட்டினால் பதரும் அரைகுறை மணியும் மேலே மிதக்கும், அள்ளி எறிந்துவிட்டு, அடியில் தங்கிய மணியை நல்ல தண்ணீரில் ரெண்டு மூணு தடவை அலசி எடுத்து விதைக்கலாம்.

இந்த வருஷம் வீட்டில் விதை ஊற வைத்து மூட்டையாகக் கட்டி வைக்கும்போது, பேத்தியின் கையைப் பிடித்து மூட்டைக்குள் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வெதுவெதுவென்று இருக்கும். முளைக்கும் விதை மூச்சு விடுகிறது, அந்தச் சூடு அது. பஞ்சில் பச்சைப்பயறு முளைக்க வைத்துப் படம் வரைகிற பிள்ளைகளுக்கு இந்தச் சூடு தெரியவே தெரியாது.

டீச்சர், நான் நாலாவது படிக்கிறேன். மேட்டூர்ல 10,000 கன அடி தண்ணி திறந்தாங்கன்னு டிவில சொன்னாங்க. எங்க வாய்க்கால்ல முழங்கால் அளவுகூட வரல. மிச்சம் எங்க போச்சு? (ஒரு மாணவன், நீடாமங்கலம் பக்கம்)

கண்ணா, இந்த மாதம் வந்ததிலேயே எனக்குப் பிடித்த கேள்வி உன்னுடையது. ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரத்தில் ஒரு பெட்டி செய்தால் அதில் சுமார் 28 லிட்டர் பிடிக்கும், ஏறக்குறைய ரெண்டு பிளாஸ்டிக் குடம். அதுதான் ஒரு கன அடி. டிவியில் சொன்னது 'நொடிக்கு' 10,000 கன அடி, நீ 'ஒன்று' என்று சொல்லி முடிப்பதற்குள் இருபதாயிரம் குடம்! ஆனால் அவ்வளவும் உன் ஊருக்கு இல்லை. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரித்துவிடுகிறார்கள், வெள்ளம் வந்தால் கொள்ளிடத்துக்கும் போகும். வெண்ணாற்றுக்கு வந்ததும் அப்படியே வராது, வெட்டாறு, கோரையாறு என்று பிரிந்து பிரிந்துதான் உன் வாய்க்காலுக்கு வரும். நடுவில் காய்ந்து கிடந்த ஆற்று மணல் வேறு முதலில் தன் பங்கைக் குடித்துக்கொள்ளும். ஆக இது ஒரு பெரிய வகுத்தல் கணக்கு, மீதி வராத வகுத்தல்.

ஒன்று செய். மேட்டூர் திறந்த தேதியைக் குறித்து வை, அப்பாவைக் கூட்டிக்கொண்டு தினமும் சாயங்காலம் வாய்க்கால் மதகுவரை போய்ப் பார். முதல் தண்ணீர் வந்த தேதியையும் எழுது, கழி. எத்தனை நாள் என்று எனக்கு அடுத்த கடிதத்தில் சொல், கழித்ததையும் முழுசாக எழுதிக் காட்ட வேண்டும், விடையை மட்டும் எழுதினால் மார்க் கிடையாது.