நாலு நிமிடத்தில் உறைந்துபோகும் பாடம்

கேள்வி: கிளிநொச்சியில் ரியூசன் நடத்துகிறோம். பெரிய வகுப்பில் நடக்கும் பாடத்தை மற்ற நாலு அறைத் திரைகளுக்கும் மல்டிகாஸ்ட்டில் (ஒரு குழு முகவரிக்கு ஒரேதரம் அனுப்ப, கேட்கிற எல்லோரும் பெறும் முறை) அனுப்புகிறோம். பாடம் தொடங்கினால் அலுவலக வைஃபை படுத்துவிடும். கேபிள்களை இணைக்கும் பெட்டியான நெட்வொர்க் ஸ்விட்சில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் என்ற வசதியைப் போட்டதும் வைஃபை சரியானது. ஆனால் நாலு நிமிடம் தாண்டியதும் திரைகளில் படம் அப்படியே உறைந்துவிடுகிறது. ஸ்னூப்பிங்கை அணைத்துவிடவா?

பதில்: அணைக்க வேண்டாம். அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது.

எந்தக் கருவி எந்த போர்ட்டில் (கேபிள் செருகும் துளையில்) இருக்கிறது என்பதை ஸ்விட்ச், அனுப்புகிறவரின் முகவரியைப் பார்த்துத்தான் பழகிக்கொள்ளும். மல்டிகாஸ்ட் குழு முகவரியோ ஒருபோதும் அனுப்புகிறவராக வராது. யாருக்கு என்று தெரியாததால், வந்த போர்ட்டைத் தவிர எல்லாவற்றிலும் கொட்டிவிடும். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளை முழுக்கத் திறந்துவிட்ட மாதிரி. வினாடிக்கு 6 மெகாபிட் வீடியோ என்றாலும் கேபிளுக்கு ஒரு சுமையே இல்லை. அடி வாங்குவது வைஃபைதான்: பல வைஃபை பெட்டிகள் மல்டிகாஸ்ட்டை ஆகக் குறைந்த வேகத்தில் அனுப்பும், காற்றலை முழுவதும் அதற்கே போய்விடும்.

ஸ்னூப்பிங் என்றால் ஒட்டுக்கேட்பது. "இந்தக் குழு எனக்கு வேண்டும்" என்று திரை சொல்லும் செய்திதான் ஐஜிஎம்பி; அதை ஸ்விட்ச் இடையில் கேட்டுப் பதிந்துவைத்து, அந்த போர்ட்டுக்கு மட்டும் விடும். வான்கதவை மூடி, துருசை (வாய்க்கால் மதகை) திறந்து, கேட்ட வாய்க்காலுக்கு மட்டும் தண்ணீர்.

சரி, அப்புறம் ஏன் நிற்கிறது? அந்தப் பதிவுக்கு ஆயுள் உண்டு. குவெரியர் (கேள்வி கேட்பவர்) என்ற வேலையைச் செய்யும் கருவி வழக்கமாக 125 வினாடிக்கு ஒருதரம் "இன்னும் யாருக்கு வேண்டும்?" என்று கேட்கும், திரைகள் பதில் சொல்லும், பதிவு புதுப்பிக்கப்படும். கேட்காவிட்டால் திரைகள் தாமாக வாய் திறக்காது. 260 வினாடி பதில் வராவிட்டால் ஸ்விட்ச் பெயரை வெட்டிவிடும். அதாவது 4 நிமிடம் 20 வினாடி. உங்கள் கணக்கு அப்படியே பொருந்துகிறது.

குவெரியர் வேலையைப் பொதுவாக மல்டிகாஸ்ட் ரவுட்டர் பார்க்கும். வீட்டுப் பாவனை ரவுட்டர்கள் பெரும்பாலும் பார்ப்பதில்லை. ஆகவே நடுவில் இருக்கும் ஸ்விட்சின் ஸ்னூப்பிங் பக்கத்துக்குப் போய் 'குவெரியர்' என்பதை இயக்குங்கள். திரைகள் இருக்கும் அதே விலானில் (ஸ்விட்சுக்குள் பிரித்த தனி வலையமைப்பில்) அந்த ஸ்விட்சுக்கு ஒரு ஐபி முகவரியும் கொடுங்கள்; மூல முகவரி 0.0.0.0 என்று வரும் கேள்வியைச் சில கருவிகள் மதிப்பதில்லை. இரண்டு ஸ்விட்சில் போட்டுவிட்டாலும் சண்டை வராது, குறைந்த ஐபி உள்ளது பொறுப்பேற்கும்.

குழு முகவரியையும் ஒருதரம் பாருங்கள். 224.0.0 என்று தொடங்குவதை ஸ்னூப்பிங் போட்டாலும் ஸ்விட்ச் எல்லாப் பக்கமும் விடும். 239.0.0, 239.128.0 வரிசைகளும் அதே மேக் முகவரிகளில் (ஸ்விட்ச் பார்க்கும் வன்பொருள் முகவரிகளில்) விழுவதால் வேண்டாம். 239.10.10.1 போல ஒன்று போதும்.

மாற்றியபின் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுச் "சரி வந்திட்டுது" என்று எழும்பிவிடாதீர்கள். பத்து நிமிடமாவது பாடத்தை ஓடவிட்டு, ஸ்விட்சுக்கு முன்னால் நில்லுங்கள்: திரைகள் உள்ள நாலு போர்ட்டின் விளக்குகள் விடாமல் துடிக்க வேண்டும், வைஃபை பெட்டி போகும் போர்ட் இடையிடையே மட்டும் சிமிட்ட வேண்டும்.