நின்ற வண்டிக்குக் கரண்ட்: வாசகர் கேள்வி – பதில்

ஐப்பசி மழை நெருங்குகிறது. இந்த முறை வீட்டு வயரிங் கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு, வெளியிலிருந்து லைன் இழுத்து ஓடும் வண்டிகளைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறோம். படுக்கையும் ஏ.சி.யும் வைத்த கேரவனாக இருந்தாலும், ஓரத்தில் நிற்கும் டிபன் வேனாக இருந்தாலும் மின்சாரத்துக்கு இரண்டும் ஒன்றுதான்: ரப்பர் டயரில் நிற்கும் ஒரு தகரப் பெட்டி.

கேள்வி: டெம்போ டிராவலரைக் கேரவனாக மாற்றி வைத்திருக்கிறோம். 1 டன் ஏ.சி., சின்ன ஃப்ரிட்ஜ், இண்டக்‌ஷன் அடுப்பு இருக்கிறது. வண்டி வீட்டு வாசலில் நிற்கும்போது போர்டிகோ பிளக்கிலிருந்து லைன் கொடுப்போம். போன மாதம் ஒரு ராத்திரி ஃபேன் பேய் மாதிரி சுற்றியது, பல்பு பளீரென்று எரிந்தது. அடுத்த நிமிடம் ஏ.சி. போர்டும் ஃப்ரிட்ஜ் போர்டும் போய்விட்டன. ஸ்பைக் கார்டு போட்டுத்தான் வைத்திருந்தோம். அது என்னதான் செய்தது?
— திருவொற்றியூர் வாசகர்

ஃபேன் வேகமாகச் சுற்றியது என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரியே போதும். உங்களுக்கு வந்தது மின்னல் சர்ஜ் (கண நேரத்தில் எகிறி அடங்கும் வோல்ட்டேஜ்) இல்லை, நியூட்ரல் கட், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வயர் அறுந்தது.

தெரு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து மூன்று பேஸும் (கரண்ட் வரும் வயர்) ஒரு நியூட்ரலும் வருகின்றன. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட், பேஸுக்கும் பேஸுக்கும் இடையே 400 வோல்ட். நியூட்ரல் எங்காவது அறுந்தால் உங்கள் வீடும் வேறொரு பேஸில் இருக்கும் வீடும் வரிசையாகக் கோத்ததுபோல் ஆகி, அந்த 400 வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொள்ளும். பங்கு சமமாகப் போகாது. உங்கள் பக்கம் 200 வாட் லோடும் எதிர்ப்பக்கம் 2,000 வாட் லோடும் ஓடினால் உங்களுக்கு 360 வோல்ட்டுக்கு மேல் வரும், அவருக்கு 40 வோல்ட்கூட தேறாது. குறைவாகக் கரண்ட் எடுத்தவருக்குத்தான் அடி.

ஸ்பைக் கார்டுக்குள் இருப்பது பொத்தான் அளவு வேரிஸ்டர் ஒன்றோ இரண்டோ. மைக்ரோ செகண்டில் வந்து போகும் ஊசி மாதிரியான சர்ஜைத்தான் அது விழுங்கும். 360 வோல்ட் பத்து வினாடி நின்றால் முதலில் வேரிஸ்டரே கருகும், பிறகு உங்கள் போர்டு. அதன் மேல் குறை சொல்ல முடியாது. அதற்கு விதித்த வேலை வேறு.

ஆகவே வண்டிக்குள் ஒரு சின்ன டி.பி. பெட்டி, அதாவது பாதுகாப்பு சுவிட்ச்செல்லாம் உட்காரும் பெட்டி, வையுங்கள். லைன் உள்ளே வரும் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் 2 போல் (பேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும்) எம்.சி.பி., அதாவது கரண்ட் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்: 20 ஆம்ப், சி கர்வ் (மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கரண்ட்டுக்கு விழாத ரகம்). அதிலிருந்து கரண்ட் வெளியேறும் முனையிலேயே டைப் 2 எஸ்.பி.டி. (சர்ஜை எர்த்துக்குத் திருப்பிவிடும் சாதனம்): பேஸ், நியூட்ரல் இரண்டுக்கும், 40 கே.ஏ. (40,000 ஆம்ப்), தாங்கும் வோல்ட்டேஜ் 320 என்று போட்டதாக. 275 போட்டதும் கடையில் கிடைக்கும். நம் ஊர் லைன் ஆடுகிற ஆட்டத்துக்கு 320 நல்லது. அடுத்து ஓவர் – அண்டர் வோல்ட்டேஜ் ப்ரொடெக்டர். உங்கள் இரண்டு போர்டுகளையும் காப்பாற்றியிருக்க வேண்டிய சாமான் இதுதான். மேலே 265, கீழே 180 வோல்ட்டில் செட் செய்யுங்கள். லைன் சரியானதும் திரும்ப ஆன் ஆக 180 வினாடி கொடுங்கள். கம்ப்ரஸருக்குள் இரண்டு பக்க கேஸ் அழுத்தமும் சமமாவதற்கு அந்த மூன்று நிமிடம் தேவை. பத்து வினாடியில் ஆன் ஆனால் கம்ப்ரஸர் முக்கி நின்றுவிடும். அதற்குப் பின்னால் 2 போல் ஆர்.சி.சி.பி. (கரண்ட் பாடி வழியாகவோ ஆள் வழியாகவோ கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்ப். கடைசியாக ஏ.சி., அடுப்பு, பிளக் பாயின்ட், லைட் என்று தனித்தனி எம்.சி.பி.

நியூட்ரல் கட் நீண்டு நின்றால் எஸ்.பி.டி. கேட்ரிட்ஜ் பலியாகலாம். பச்சை ஜன்னல் சிவப்பாக மாறியிருக்கும். அந்தக் கேட்ரிட்ஜை மட்டும் உருவி மாற்றினால் போதும். மாசம் ஒரு தடவை அந்த ஜன்னலைப் பாருங்கள். சிவப்பானது தெரியாமலே பல பேர் வருஷக்கணக்கில் ஓட்டுகிறார்கள்.

எஸ்.பி.டி.யை வாங்குவது பெரிதில்லை, வயர் கொடுப்பதில்தான் சொதப்புகிறார்கள். லைன் முனையிலிருந்து எஸ்.பி.டி.க்கும், அங்கிருந்து எர்த் பாருக்கும் (எர்த் வயர்களெல்லாம் சேரும் உலோகப் பட்டை) போகிற வயர்களின் மொத்த நீளம் அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். 6 ஸ்கொயர் (சதுர மி.மீ.) செம்பு வயர் போடுங்கள், வளைத்துச் சுருட்டாதீர்கள். சர்ஜ் பாயும் வேகத்தில் ஒரு மீட்டர் வயரே ஆயிரம் வோல்ட் அளவுக்குக் கூட்டிவிடும். அழகுக்காக டி.பி.யைச் சுற்றி வயர் ஓட்டினால் எஸ்.பி.டி. இருந்தும் இல்லாத கதைதான்.

இன்னொன்று. இண்டக்‌ஷன் 2,000 வாட் என்றால் சுமார் 9 ஆம்ப், ஏ.சி. 5 முதல் 6 ஆம்ப். இரண்டும் சேர்ந்தால் 14, 15 வந்துவிடும். போர்டிகோவில் இருக்கும் 16 ஆம்ப் பிளக்கில் இதை மணிக்கணக்கில் ஓட்டினால் சாக்கெட் கருகும். ஒன்று, நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட் 32 ஆம்ப்பில் போட்டு, அதற்கு மீட்டர் போர்டிலிருந்து தனி எம்.சி.பி.யும் 4 ஸ்கொயர் லைனும் கொடுங்கள். வண்டிக்குப் போகும் கேபிளும் 4 ஸ்கொயராக இருக்கட்டும். இல்லாவிட்டால், சமைக்கும்போது ஏ.சி.யை நிறுத்துங்கள்.

கேள்வி: அத்தோ (பர்மா நூடுல்ஸ்) வேன் வைத்திருக்கிறோம். பக்கத்துக் கடையிலிருந்து லைன். தரை ஈரமாக இருக்கும் நாளில் வண்டி ஓரத்தைத் தொட்டால் சுருக்கென்கிறது. எலெக்ட்ரீஷியன் சாக்கெட்டில் நியூட்ரலையும் எர்த்தையும் வயரால் ஒன்றாகச் சேர்த்து லூப் போட்டுக் கொடுத்தார். இப்போது ஷாக் இல்லை. விட்டுவிடலாமா?
— ராயபுரம் வாசகர்

விடக் கூடாது. இன்றைக்கே அந்த லூப்பை வெட்டுங்கள். கடைக்கு வரும் நியூட்ரல் ஒரு தடவை அறுந்தால், உள்ளே ஏதாவது ஒரு பல்பு வழியாக 230 வோல்ட் நேராக உங்கள் வண்டி பாடிக்கு வந்து நிற்கும். தட்டை வாங்கக் கை நீட்டும் வாடிக்கையாளர் ஈரத் தரையில் செருப்பில்லாமல்கூட நிற்பார்.

சுருக்கென்றதற்குக் காரணம் பெரும்பாலும் இது: எல்.இ.டி. டிரைவர், சார்ஜர், ஃப்ரிட்ஜ் போர்டு எல்லாவற்றிலும் பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பாடிக்குச் சின்ன கெப்பாசிட்டர் இருக்கும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு சத்தமில்லாமல் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் பாடி நடுவில் தொங்கி, மீட்டரில் 110 வோல்ட்போலக் காட்டும். அந்தக் கசிவு ஆளைக் கொல்லாது. ஆனால் எர்த் இல்லை என்று அது சொல்லிக்கொண்டே இருக்கிறது. நாளைக்கு ஹீட்டர் காயில் பாடியில் ஒட்டினால் அதே இடத்தில் முழு 230 இருக்கும்.

டெஸ்டரை நம்பாதீர்கள், மல்டிமீட்டர் எடுங்கள். வண்டியைக் கழற்றிவிட்டு, கடை சாக்கெட்டில் மூன்று அளவு பாருங்கள். பேஸ் – நியூட்ரல் 230 பக்கம், பேஸ் – எர்த் அதே அளவு, நியூட்ரல் – எர்த் 3 வோல்ட்டுக்குள். பேஸ் – எர்த் 100, 150 என்று ஆடினால் அந்த எர்த் பின் வெறும் அலங்காரம். சிலர் பேஸுக்கும் எர்த்துக்கும் 100 வாட் குண்டு பல்பு போட்டுப் பார்ப்பார்கள். எர்த் செத்திருந்தால் அந்த பல்பு வழியாகவே, எர்த் வயரில் தொடுத்த எல்லாப் பாடிக்கும் கரண்ட் ஏறும். வண்டியோ வேறு சாமானோ மாட்டியிருக்கும்போது அதைச் செய்யவே கூடாது.

கடையில் எர்த் சரியில்லை என்றால் முதலில் கடை எர்த்தைச் சரி செய்யச் சொல்லுங்கள். கடல் ஓரத்தில் மண்ணில் இறக்கிய பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) எர்த் பைப் உப்பில் அரித்துப் போயிருப்பது சகஜம். செம்பு பூசிய ராடு அதைவிடத் தாங்கும். நடைபாதையில் நீங்களாக ராடு அடிக்க வேண்டாம். சென்னை நடைபாதைக்குக் கீழே மின்வாரியக் கேபிள் போகிறது.

வண்டிப் பக்கத்தில் செய்ய வேண்டியது: சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டம்) ஓர் இடத்தில் பெயின்டைப் பளபளக்கச் சுரண்டி, 8 மி.மீ. போல்ட், பல் வாஷர், தகரம் பூசிய செம்பு லக் (வயர் முனையில் மாட்டும் வளையம்) போட்டு, 6 ஸ்கொயர் பச்சை வயரை டி.பி. எர்த் பாருக்குக் கொண்டுவாருங்கள். இறுக்கிய பிறகு மேலே பெயின்ட் அடியுங்கள். பெயின்டுக்கு மேலேயே லக்கை வைத்து முடுக்கினால் அது தொடுப்பே இல்லை.

முன்னே சொன்ன 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. உங்களுக்கும் கட்டாயம் வேண்டும். எர்த் இல்லாவிட்டாலும் அது டிரிப் ஆகும் என்பார்கள். ஆகும், ஆனால் கசிவு ஆள் வழியாகப் பாய்ந்த பிறகுதான். அதில் இருக்கும் ‘டி’ பட்டனை மாசம் ஒரு தடவை அழுத்துங்கள். பட்டன் வேலை செய்தால் சாதனம் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம், எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை.

கேள்வி: துறைமுகம் பக்கம் வண்டி நிற்கிறது. மூணே மாதத்தில் பிளக் பின்னெல்லாம் பச்சை பூத்துவிடுகிறது. மழைக்கு பிளாஸ்டிக் கவர் கட்டி வைக்கிறோம்.
— காசிமேடு வாசகர்

கவரை முதலில் அவிழ்த்துவிடுங்கள். பகல் சூட்டில் உள்ளே ஈரம் ஆவியாகி, ராத்திரி குளிர்ந்து பின்மேலேயே முத்து முத்தாக நிற்கும். அதில் உப்பும் சேர்ந்தால் பச்சை பூக்காமல் என்ன செய்யும்.

நீல இண்டஸ்ட்ரியல் பிளக்கில் ஐ.பி. 44, ஐ.பி. 67 என்று இரண்டு தரம் உண்டு. 44 சாரலுக்குத் தாங்கும். உங்கள் இடத்துக்கு 67. அதில் திருகி இறுக்கும் வளையம் இருக்கும். வளையத்தைத் திருகாமல் சும்மா சொருகி வைத்தால் 67 என்ற எண்ணுக்கு மதிப்பில்லை. வண்டியில் பதிக்கும் இன்லெட்டை (லைன் கேபிள் வந்து சொருகும் வாய்) தரையிலிருந்து இரண்டரை அடிக்கு மேலே, மூடி மேலிருந்து கீழே விழுகிற மாதிரி வையுங்கள். கேபிள் நேராக இன்லெட்டுக்குள் இறங்கக் கூடாது. அரை அடி கீழே தொங்கி, பிறகு மேலேறி நுழையட்டும். வழிந்து வரும் மழைத் தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிப் போய்விடும். காசில்லாத வேலை, ஆனால் பாதி வண்டிகளில் பார்க்க முடியாது.

பதினைந்து நாளைக்கு ஒரு தடவை லைனைக் கழற்றி, பின்னை கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் நிக்கல் பூச்சு போய் இன்னும் சீக்கிரம் பூக்கும். லோடு ஓட ஆரம்பித்து அரைமணி கழித்து பிளக் மேல் புறங்கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் உள்ளே ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது, நிறுத்திப் பிரித்து முடுக்குங்கள்.

கேள்வி: 25 மீட்டர் கேபிள், நடுவில் ஒரு ஜாயின்ட், டேப் சுற்றியிருக்கிறது. மழையில் தெருவில் தண்ணீர் நிற்கும். என்ன செய்யலாம்?
— வியாசர்பாடி வாசகர்

ஜாயின்ட் இருக்கும் கேபிளைத் தண்ணீரில் போடாதீர்கள். டேப் தண்ணீரைத் தடுக்காது, தாமதப்படுத்தும். ஒரே துண்டாக 3 கோர் ரப்பர் உறைக் கேபிள், குறைந்தது 2.5 ஸ்கொயர் வாங்குங்கள். 1.5 போதும் என்று கடைக்காரர் சொல்லுவார். 14 ஆம்ப் ஓடினால் 25 மீட்டர் 1.5 ஸ்கொயரில் 9 வோல்ட் குறைந்து, 130 வாட் சூடு வயரிலேயே போகும். 2.5-இல் அது சுமார் 80 வாட். நீட்டிப் போட்டால் இந்தச் சூடு காற்றில் கலந்துவிடும். டிரம்மில் சுருட்டியபடியே ஓட்டினால் நடு அடுக்கு உருகும். மீதி எவ்வளவு இருந்தாலும் முழுதும் அவிழ்த்துப் போடுங்கள்.

தண்ணீர் ஏற ஆரம்பித்தால் லைனைக் கழற்றிவிடுவதுதான் ஒரே வழி. முதலில் லோடு, பிறகு வண்டி எம்.சி.பி., பிறகு கடைப் பக்க சுவிட்ச்சும் பிளக்கும், கடைசியில் வண்டிப் பக்கம். மாட்டும்போது இதற்கு நேர் தலைகீழ். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பார்த்ததுபோல, பில்லர் பாக்ஸ் (தெருவோர மின்வாரியப் பெட்டி) மூழ்கினால் மின்வாரியம் சப்ளையை நிறுத்தும். திரும்ப எப்போது வரும் என்று தெரியாது. வரும்போது உங்கள் கேபிள் தண்ணீருக்குள் கிடக்கக் கூடாது. பில்லர் பாக்ஸ் திறந்து கிடந்தாலோ, தண்ணீரில் பொறி பறந்தாலோ கிட்டே போகாமல் மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

வெள்ளம் வடிந்ததும் ஆன் செய்து பார்க்கும் ஆசை வரும். கேபிளும் இன்லெட்டும் நனைந்திருந்தால் நன்றாக உலர்த்தி, 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) போட்டு, 1 மெகாஓமுக்கு மேல் காட்டிய பிறகே லைன் கொடுங்கள். மெக்கர் போடும் முன் எஸ்.பி.டி. கேட்ரிட்ஜையும் எலெக்ட்ரானிக் சாமான்களையும் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் அளவு தப்பாக வரும், போர்டும் போகும்.

கேள்வி: கரண்ட் இல்லாதபோது சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் ஓட்டுகிறோம். அப்போது ஆர்.சி.சி.பி. வேலை செய்யுமா?
— எண்ணூர் வாசகர்

பல சின்ன ஜெனரேட்டர்களில் நியூட்ரல் எதனோடும் சேராமல் மிதக்கும். பாடியில் பேஸ் ஒட்டினாலும் கரண்ட் திரும்பிப் போக வழியில்லை, அதனால் ஆர்.சி.சி.பி. டிரிப் ஆகாது. ஜெனரேட்டரின் நியூட்ரலை அதன் ஃப்ரேமோடு ஒரே ஓர் இடத்தில், ஆர்.சி.சி.பி.க்கு முன்னால் சேர்த்து, வண்டி எர்த்தையும் அந்த ஃப்ரேமோடு தொடுக்க வேண்டும். மேலே ராயபுரம் வாசகரை வெட்டச் சொன்ன லூப்பை இங்கே போடச் சொல்கிறோமே என்று கேட்கலாம். அங்கே நியூட்ரல் தெருவிலிருந்து வருகிறது. இங்கே ஜெனரேட்டரிலேயே பிறந்து அங்கேயே முடிகிறது. இந்த லூப் ஜெனரேட்டரோடு நிற்க வேண்டும், மின்வாரிய லைனுக்குப் போகக் கூடாது. அதற்கு பேஸ், நியூட்ரல் இரண்டையும் மாற்றும் 2 போல் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடுங்கள். இரண்டு பக்கமும் ஆண் பிளக் வைத்த கேபிளை மட்டும் செய்யாதீர்கள்.

கேள்வி: எஸ்.பி.டி. போட்டாயிற்று. இடி மின்னலின்போது லைனைக் கழற்ற வேண்டுமா?
— பெரம்பூர் வாசகர்

வேண்டும். தூரத்து மின்னல் லைனில் ஏற்றும் சர்ஜுக்கு டைப் 2 போதும். பக்கத்துக் கம்பத்திலேயே விழுந்தால் தாங்காது. இடி கேட்கும் முன், வானம் கறுக்கும்போதே கழற்றுங்கள். மின்னல் வெட்ட ஆரம்பித்த பிறகு பிளக்கில் கை வைக்க வேண்டாம்.