தம்பி ஓட்டிய வண்டியில் கஞ்சா: இப்போது என்ன செய்வது?

கேள்வி: எங்களுக்கு உச்சிப்புளி பக்கம். தம்பி லோடு வண்டி ஓட்டுகிறான். போன வாரம் ராத்திரி கருவாட்டு மூட்டை என்று சொல்லி ஏற்றிவிட்டிருக்கிறார்கள். வேதாளை போகும் வழியில் போலீஸ் மறித்து, 21 கிலோ 400 கிராம் கஞ்சா என்று வழக்குப் போட்டு ரிமாண்ட் செய்துவிட்டார்கள். ஜாமீனே கிடையாது என்கிறார் ஒருவர். மாஜிஸ்திரேட் இல்லாமல் சோதனை போட்டதால் கேஸ் நிற்காது என்கிறார் இன்னொருவர். எதை நம்புவது?

பதில்: சகோதரி, இரண்டையும் நம்ப வேண்டாம். மாஜிஸ்திரேட் அல்லது கெசட்டட் அதிகாரி முன் சோதனை கேட்கும் உரிமை, அதாவது போதைப்பொருள் சட்டத்தின் 50-வது பிரிவு, ஆளின் உடம்பைச் சோதிக்கும்போதுதான். மூட்டைக்கும் பைக்கும் அது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2005-லேயே சொல்லிவிட்டது.

உங்கள் வழக்கின் உயிர் எடையில் இருக்கிறது. 1985-ஆம் வருடத்துப் போதைப்பொருள் சட்டப்படி கஞ்சா 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. குறைந்தது 10 வருடம், அதிகம் போனால் 20 வருடம். ஜாமீன் தர வேண்டுமென்றால், இவன் குற்றவாளி இல்லை என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிபதிக்கே தோன்ற வேண்டும். 20 கிலோவுக்குள் என்றால் அந்தக் கெடுபிடி இல்லை. அதனால் மகசர், அதாவது பொருளைக் கைப்பற்றியபோது போலீஸ் எழுதிய பதிவு, அதன் நகலை வாங்கி வரிவரியாகப் படியுங்கள். சாக்கோடு சேர்த்துத் தராசில் வைத்தார்களா, பொட்டலத்தின் பிளாஸ்டிக்கையும் சுற்றியிருந்த டேப்பையும் பிரித்துவிட்டு எடை போட்டார்களா? கடற்கரை ஈரம் ஏறிய கோணிச் சாக்கு ஒன்றே கிட்டத்தட்ட ஒரு கிலோ வரும், உங்கள் தம்பிக்கோ 1,400 கிராம்தான் வித்தியாசம். அப்புறம் 52-ஏ பிரிவின்படி கைப்பற்றிய பொருளுக்கு மாஜிஸ்திரேட் முன் எடுத்த பட்டியலில் என்ன எடை இருக்கிறது என்று ஒப்பிடுங்கள். அந்த நடைமுறையில் ஓட்டை இருந்தால் அது மட்டுமே விடுதலை வாங்கித் தராது, ஆனால் வாதத்துக்குப் பலம்.

தம்பிக்கு விஷயம் தெரியாது என்கிறீர்கள். சரி, ஆனால் இந்தச் சட்டத்தில் தெரியும் என்றே கோர்ட் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்பதை நாம்தான், அதுவும் சந்தேகத்துக்கு இடமில்லாமல், நிரூபிக்க வேண்டும். சவாரிக்குக் கூப்பிட்ட நம்பர், வாடகை ஜிபேயில் வந்திருந்தால் அந்த ரசீது, வழக்கமான வாடகைதானா என்று காட்ட பழைய சவாரிகளின் வரவு, மூட்டை ஏற்றிய இடத்துக் கேமரா பதிவு, எல்லாம் வேண்டும். கேமரா பதிவு சில நாளில் அழிந்துவிடும், அதைப் பாதுகாக்கச் சொல்லி இந்த வாரமே வக்கீலை மனுப் போடச் சொல்லுங்கள். போலீசிடம் தம்பி கையெழுத்துப் போட்ட வாக்குமூலத்தை நினைத்து உடைந்து போக வேண்டாம், அதை ஒப்புதலாக வைத்துத் தண்டிக்க முடியாது.

நாட்களையும் எண்ணிக்கொண்டே இருங்கள். வணிக அளவு வழக்கில் 180 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வரவில்லை, அவகாசமும் நீட்டிக்கப்படவில்லை என்றால் ஜாமீன் உரிமையாகிவிடும். குற்றப்பத்திரிகை வருவதற்கு முன்னால் மனு உள்ளே போயிருக்க வேண்டும். சிறப்பு நீதிமன்றம் ஜாமீன் மறுத்தால் அடுத்தது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை.

வண்டி ஸ்டேஷன் வாசலில் உப்புக்காற்றில் துருப்பிடிக்க வேண்டியதில்லை. வழக்கு நடக்கும்போதே இடைக்காலமாக விடுவிக்க இந்தச் சட்டத்தில் தடை இல்லை என்று 2025-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறதோ அவர் மனுப் போட வேண்டும். கையில் பணம் இல்லை என்றால் சட்ட உதவி எண்ணான 15100-க்குப் போன் செய்யுங்கள். காவலில் இருப்பவருக்கு இலவச வக்கீல் சட்டப்படி உண்டு.