நடந்தால் போதாதா? – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நீரிழிவு பற்றித் தாங்கள் எழுதிவரும் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். எனக்கு 54 வயது. தஞ்சை மாவட்டத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. இரண்டு வேளை மெட்ஃபார்மினும் காலையில் கிளிமிபிரைடும் எடுத்துக்கொள்கிறேன். கடைசி இரண்டு பரிசோதனைகளிலும் இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 8.1, 8.2 சதவீதம் என்று வந்தது. மருத்துவர் ஒவ்வொரு முறையும் "நன்றாக நடங்கள்" என்கிறார். நானும் தெருவில் உள்ள இரண்டு தோழிகளுடன் தினமும் மாலையில் அரை மணி நேரம் நடக்கிறேன். இரண்டு வருடங்களாக நடந்தும் பலன் ஒன்றும் தெரியவில்லை.

இப்போது எங்கள் ஊர் பிசியோதெரபி நிலையம் ஒன்றில் சர்க்கரை நோயாளிகளுக்கென்று குழுப் பயிற்சி தொடங்கியிருக்கிறார்கள். வாரத்தில் மூன்று நாள், காலை ஆறு மணிக்கு, முக்கால் மணி நேரம். நான்கு மாத வகுப்பு. மாதக் கட்டணம் 1,200 ரூபாய். "கையைக் காலை ஆட்டுவதற்குக் காசு கொடுக்க வேண்டுமா, அதையும் நடந்தே தீர்த்துக்கொள்ளலாமே" என்கிறார் என் கணவர். எனக்கு முழங்கால் வலியும் இருக்கிறது. ஆண்களும் பெண்களும் சேர்ந்து செய்யும் வகுப்பு என்பதால் கூச்சமும் இருக்கிறது. நடைக்கும் இதற்கும் உண்மையிலேயே வேறுபாடு உண்டா? நான்கு மாதம் முடிந்தபின் என்ன செய்வது? தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன். பெயரை வெளியிட வேண்டாம்.

– ஓர் ஆசிரியை

அன்புள்ள சகோதரிக்கு,

சேருங்கள் என்பதே என் பதில். ஆனால் சேருவதற்கு முன் அந்த நிலையத்திடமும் உங்கள் மருத்துவரிடமும் கேட்க வேண்டியவை சில உள்ளன. அவற்றைக் கீழே சொல்கிறேன். நானும் பிசியோதெரபி தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவன்தான் என்பதால், என் பரிந்துரையில் அதற்குரிய கழிவைப் போட்டுக்கொண்டே வாசிப்பது நல்லது.

முதலில் உங்கள் கணவரின் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அது நியாயமான கேள்வி. அதற்கு ஆய்வுகளில் விடை இருக்கிறது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களிடம் உடற்பயிற்சியின் பலனை அளந்த 47 ஆய்வுகளை, எட்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட நோயாளிகளின் முடிவுகளோடு, பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் தொகுத்து 2011-இல் வெளியிட்டார்கள். பயிற்சியாளரின் மேற்பார்வையில் திட்டமிட்டுப் பயிற்சி செய்தவர்களிடம் மூன்று மாதச் சராசரி 0.67 அளவு குறைந்திருந்தது. "உடற்பயிற்சி செய்யுங்கள்" என்ற அறிவுரை மட்டும் பெற்று, உணவு பற்றிய வழிகாட்டல் ஏதும் பெறாதவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தென்படவில்லை. மேற்பார்வையில் பயின்றவர்களுக்குள்ளும் வாரத்துக்கு 150 நிமிடங்களைத் தாண்டியவர்களிடம் 0.89-ம், அதற்குட்பட்டவர்களிடம் 0.36-ம் குறைந்திருந்தன. கிளிப்டின் வகை நீரிழிவு மாத்திரை ஒன்றைப் புதிதாகச் சேர்த்தால் எவ்வளவு குறையுமோ, ஏறத்தாழ அந்த அளவை ஒழுங்கான பயிற்சியும் குறைக்கிறது என்று கொள்ளலாம்.

ஆகவே உங்கள் மருத்துவர் சொன்னதில் தவறில்லை. அது பாதியில் நின்றுவிட்டது. மாத்திரை எழுதும்போது எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை, உணவுக்கு முன்பா பின்பா என்றெல்லாம் எழுதும் அதே மருத்துவர், பயிற்சி என்று வந்ததும் "நன்றாக நடங்கள்" என்று ஒரே சொற்றொடரில் முடித்துவிடுகிறார். எவ்வளவு வேகத்தில், எவ்வளவு நேரம், எப்போது கூட்டுவது என்பதைச் சொல்ல நம் புறநோயாளிப் பிரிவுகளில் அவருக்கு நேரமும் இருப்பதில்லை.

மேற்பார்வையையும் அறிவுரையையும் நேருக்கு நேர் வைத்து அளந்த ஆய்வு ஒன்று இத்தாலியில் நடந்தது. 22 நீரிழிவு மருத்துவ மையங்களைச் சேர்ந்த 606 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு முறையான ஆலோசனையை மட்டும் தந்தார்கள். மற்றப் பிரிவுக்கு அதே ஆலோசனையோடு வாரம் இரண்டு முறை மேற்பார்வையில், இதயத்துடிப்பைக் கூட்டும் ஏரோபிக் பயிற்சியும் தசை வலுப்பயிற்சியும் தந்தார்கள். ஓராண்டு முடிவில், 2010-இல் வெளியான அறிக்கையின்படி, இரு பிரிவுக்கும் இடையே மூன்று மாதச் சராசரியில் இருந்த வேறுபாடு 0.3 மட்டுமே. இந்த எண் சிறியது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆலோசனைப் பிரிவினருக்குக் கிடைத்ததும் நம் ஊர் ஒற்றை வரி அறிவுரை அன்று, நிபுணர்கள் அமர்ந்து பேசிய ஆலோசனை. ஆனால் பயிற்சிப் பிரிவினரிடம் இரத்த அழுத்தம், இடுப்பளவு, கெட்ட கொழுப்பு ஆகியவையும் கூடுதலாகக் குறைந்திருந்தன. சர்க்கரை நோயாளிகள் பலரின் உயிரைப் பறிப்பது இதய நோய் என்பதால், நான் அந்த மூன்றையும் சர்க்கரை எண்ணுக்கு இணையாகவே மதிப்பேன்.

உங்கள் இரண்டு வருட நடை ஏன் பலனளிக்கவில்லை என்பதற்கு வருவோம். தோழிகளோடு பேசிக்கொண்டே நடக்கும்போது மூவரில் மிக மெதுவாக நடப்பவரின் வேகமே மூவரின் வேகமாகிவிடுகிறது. முதல் மாதத்தில் அந்த நடைக்கே உங்களுக்கு மூச்சு வாங்கியிருக்கலாம். உடல் அதற்குப் பழகிய பிறகு அதே தூரமும் அதே வேகமும் உடலிடம் புதிதாக எதையும் கேட்பதில்லை. நடக்கும்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக்கூடாது என்பது மிதமான தீவிரத்துக்கு நாங்கள் சொல்லும் எளிய அளவுகோல். தெருவில் நடப்பவர்களில் பலர் ஒரு கீர்த்தனையை முழுதாகப் பாடி முடித்துவிடக்கூடிய வேகத்தில்தான் நடக்கிறார்கள்.

இன்னொரு காரணம் தசை. உணவுக்குப் பின் இரத்தத்தில் சேரும் குளுக்கோஸை இன்சுலினின் தூண்டுதலால் உள்வாங்கிக்கொள்வதில் பெரும்பங்கு எலும்புத் தசைகளுடையது. இரண்டாம் வகை நீரிழிவில் இன்சுலின் கதவைத் தட்டினாலும் தசை எளிதில் திறப்பதில்லை. ஆனால் தசை சுருங்கி விரியும்போது, இன்சுலினின் தயவு இல்லாமலேயே, குளூட்-4 எனப்படும் கடத்திப் புரதங்கள் தசைச் செல்லின் விளிம்புக்கு வந்து குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. பயிற்சி முடிந்த பின்னும் ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை தசை இன்சுலினுக்கு வழக்கத்தைவிட நன்றாகச் செவிசாய்க்கிறது. அடுத்தடுத்து இரண்டு நாள்களுக்கு மேல் பயிற்சி இல்லாமல் விடக்கூடாது என்று வழிகாட்டுநெறிகள் சொல்வதும், இத்தகைய வகுப்புகளைத் திங்கள், புதன், வெள்ளி என்று வைப்பதும் இதனால்தான். ஒரே எடையுள்ள ஐரோப்பியரோடு ஒப்பிட்டால் தெற்காசியர்களாகிய நமக்குத் தசை குறைவு, கொழுப்பு மிகுதி. போதாக்குறைக்கு வயது ஏற ஏறத் தசை கரைகிறது. சமதரையில் நடப்பது இதயத்துக்கும் மூச்சுக்கும் நல்லது என்றாலும், தசையின் பருமனையும் வலுவையும் கூட்ட அது போதாது. நாற்காலியிலிருந்து கைகளை ஊன்றாமல் எழுந்து அமர்வது, ரப்பர் பட்டையை இழுப்பது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, சிறிய டம்பெல்களைத் தூக்குவது போன்றவை தேவை. அவற்றின் பளுவை இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது கூட்டிக்கொண்டே போகவும் வேண்டும். அப்படிக் கூட்டும் துணிச்சல் தனியாகச் செய்யும் ஐம்பது வயதுக்காரருக்கு வருவதில்லை. வந்தால் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறது. பயிற்சியாளருக்குத் தரும் கட்டணம் பெரும்பாலும் இந்த ஒரு வேலைக்கானது.

குழு என்பதற்கும் ஒரு பங்கு உண்டு. யார் வரவில்லை என்பது மற்றவர்களுக்குத் தெரிகிறது, அடுத்த வகுப்புக்கு வந்ததும் காரணம் கேட்கிறார்கள். ஆனால் குழுவால் மட்டுமே எல்லாம் நடந்துவிடும் என்று நான் நம்பவில்லை. நீரிழிவு வரக்கூடிய நிலையில் இருந்த 1,007 பேரை வைத்துத் திருவனந்தபுரம் மாவட்டத்தில் நடத்திய கேரள ஆய்வில், ஊர்க்காரர்களே தலைமையேற்ற சிறு குழுக்கள் கூடிப் பேசின. இரண்டாண்டு முடிவில் சில நல்ல பழக்கங்கள் கூடின. ஆனால் புதிதாக நீரிழிவுக்கு ஆளானவர்களின் விகிதத்தில் புள்ளியியல்படி உறுதியான வேறுபாடு கிடைக்கவில்லை. சென்னையில் 578 பேரை வைத்து நடந்த ஆய்வில், பயிற்றுநர்கள் நடத்திய வாராந்திர வகுப்புகளும், தேவைப்பட்டவர்களுக்கு மெட்ஃபார்மினும் சேர்ந்து, மூன்றாண்டுகளில் நீரிழிவு வரும் ஆபத்தை 32 சதவீதம் குறைத்தன. இரண்டும் நோய் வருமுன் காப்பது பற்றியவை, முறைகளும் வேறு என்பதால் நேரடியாக ஒப்பிடக்கூடாதுதான். ஆயினும் கூடுவதைவிடக் கூடியபின் யார் எதைக் கற்றுத் தருகிறார்கள் என்பதே முக்கியம் என்ற என் எண்ணத்தை இவை வலுப்படுத்தின.

ஆகவே அந்த நிலையத்துக்கு ஒரு நாள் போய், வகுப்பை வெளியிலிருந்து பாருங்கள். ஒலிபெருக்கியில் எண்ணிக்கை சொல்ல, நாற்பது பேர் ஒரே அசைவைச் செய்கிறார்கள் என்றால் அது மேற்பார்வை ஆகாது. ஒரு பயிற்சியாளர் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் கண்ணில் வைத்திருக்க முடியாது என்பது என் மதிப்பீடு. ஒவ்வொருவருக்கும் தனிக் குறிப்பேடு இருக்கிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கிறார்களா, குளுக்கோமீட்டர் கையருகில் இருக்கிறதா என்று கவனியுங்கள். மாத்திரை பற்றிக் கேட்காத இடத்தில் சேர வேண்டாம்.

மாத்திரையை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உங்கள் கிளிமிபிரைடு. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குப் பயிற்சியின்போது சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது அரிது. கிளிமிபிரைடு கணையத்தை இன்சுலின் சுரக்கச் செய்துகொண்டே இருப்பதால், பயிற்சியும் சேரும்போது இரத்தச் சர்க்கரை 70-க்குக் (மி.கி./டெ.லி.) கீழே போய்விடக்கூடும். சில சமயம் பயிற்சி முடிந்து பல மணி நேரம் கழித்தும் இறங்கும். மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஒன்றும் சாப்பிடாமல் ஆறு மணி வகுப்புக்கு ஓடுவதை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். வகுப்பை முடித்துவிட்டு வந்து, காலை உணவோடு மாத்திரையை எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வகுப்புக்கு முன் அளவு 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது மாவுச்சத்தைச் சிறிது சாப்பிட்ட பிறகே தொடங்க வேண்டும். நடுக்கம், வியர்வை, படபடப்பு தோன்றினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். கொழுப்பு சேர்ந்த சாக்லேட்டும் பிஸ்கட்டும் அந்த அவசரத்துக்கு உதவமாட்டா. பயிற்சி பலன் தரத் தொடங்கும்போது இந்த ஆபத்து கூடக்கூடும். அப்போது மாத்திரையின் அளவை மருத்துவர் குறைக்க வேண்டியிருக்கும் என்பதை இப்போதே அவரிடம் சொல்லி வையுங்கள். இதற்கு மாறாக, வெறும் வயிற்றில் கடுமையாகப் பயிற்சி செய்தபின் சர்க்கரை சற்று ஏறிக் காட்டுவதும் உண்டு. அட்ரினலின் சுரப்பால் கல்லீரல் குளுக்கோஸை வெளிவிடுவதே காரணம். அதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிட வேண்டாம்.

ஒன்பது ஆண்டு நீரிழிவு என்பதால் கண்ணின் விழித்திரையை ஒரு முறை பரிசோதித்துக்கொண்ட பிறகே எடை தூக்குங்கள். விழித்திரையில் புதிய இரத்தக் குழாய்கள் முளைத்திருந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு பளு தூக்குவது கண்ணுக்குள் இரத்தக் கசிவை உண்டாக்கலாம். காலில் மதமதப்பு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். நம் ஊர் வகுப்புகளில் பாயில் வெறுங்காலுடன் நிற்கச் சொல்வது வழக்கம். உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு அது ஆகாது. காலுறையும் மூடிய காலணியும் அணிந்தே செய்வேன் என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள். படியேறும்போது வழக்கத்துக்கு மாறாக மூச்சு வாங்கினாலோ நெஞ்சு இறுகினாலோ, நீரிழிவுக்காரர்களுக்கு மாரடைப்பு வலி இல்லாமலும் வரும் என்பதால், இதயப் பரிசோதனையும் முன்கூட்டியே தேவை.

முழங்கால் வலி சேராமல் இருப்பதற்குக் காரணம் ஆகாது. தேய்மானத்தால் வரும் வலி தொடையின் முன்பக்கத் தசை வலுப்பட்டால் குறைவதே வழக்கம். உயரமான நாற்காலியில் தொடங்கச் சொல்லுங்கள். குதிக்கும் அசைவுகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

கூச்சத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு இடங்களில் நடத்தி 2014-இல் வெளியிட்ட, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) இண்டியாப் நீரிழிவு ஆய்வில் 54.4 சதவீதம் பேர் போதிய உடலுழைப்பு அற்றவர்களாக இருந்தார்கள்; ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சியோ விளையாட்டோ கொண்டவர்கள் பத்து சதவீதத்துக்கும் குறைவு. அந்த வகுப்பில் உங்களோடு நிற்கப்போகிறவர்களும் பள்ளிக்கூடம் விட்டபின் கையை உயர்த்தாதவர்களாகவே இருப்பார்கள் என்பதால், உங்களைப் பார்க்க அவர்களுக்கு அவகாசம் இராது. சுடிதார் அணிவது வசதி. பெண்களுக்குத் தனி நேரம் கேட்டுப் பார்ப்பதிலும் தவறில்லை.

மாலை நடையை விட்டுவிடாதீர்கள். மூன்று வகுப்புகளும் சேர்ந்து 135 நிமிடங்கள்தாம். மற்ற நாள்களின் நடையைச் சற்று விரைவாக்கினால் 150-ஐ எளிதில் கடந்துவிடுவீர்கள். இரவு உணவுக்குப் பின் கால் மணி நேரம் நடப்பது அந்த நேரத்து ஏற்றத்தைக் குறைக்கும்.

நான்கு மாதத்துக்குப் பின் என்ன என்பதே உங்கள் கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது. வகுப்பு முடிந்த மறுமாதமே பழையபடி ஆகிவிடுகிறவர்கள் ஏராளம். மேற்சொன்ன இத்தாலியக் குழுவினரே பின்னர் 300 பேரிடம் இதை ஆராய்ந்து 2019-இல் எழுதினார்கள்: ஆண்டுக்கு எட்டு முறை பயிற்சியாளரைச் சந்தித்து ஆலோசனையும் செய்முறையும் பெற்றவர்கள், கூட்டிக்கொண்ட உடலியக்கத்தை மூன்றாண்டுகள் வரை பெருமளவு தக்கவைத்தார்கள். எனவே நான்கு மாத வகுப்பை வீட்டில் தனியே செய்யக் கற்றுக்கொள்ளும் காலமாக வைத்துக்கொண்டு, அதன்பின் ஆண்டுதோறும் சில அமர்வுகளுக்கு மட்டும் போய் அசைவுகளைத் திருத்திக்கொண்டால் போதும் என்பது என் கருத்து.

சேருவதற்கு முந்தைய வாரம் ஒரு முறையும் நான்காம் மாத முடிவில் ஒரு முறையும் மூன்று மாதச் சராசரியை ஒரே பரிசோதனைக் கூடத்தில் எடுங்கள். இடுப்பளவையும், முப்பது விநாடியில் எத்தனை முறை நாற்காலியிலிருந்து எழ முடிகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னவை இரண்டும் முன்னேறியும் சராசரி 8-ஐ விட்டு இறங்கவில்லை என்றால், வகுப்பை நீட்டுவதால் அது சரியாகாது. உணவையும் மருந்தையும் மருத்துவர் மாற்றியாக வேண்டும்.

அன்புடன்.